பிள்ளைகள் எத்தனை?

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
12-2-1969

என் கண்ணான தனசேகரனுக்கு, அம்மா செல்லியம்மாள் ஆசீர்வாதம்.

உன் கல்யாணச் சேதி கிடைத்தது. பதினோரு வயதில் பினாங்குக் கப்பல் ஏறியவன் நீ. பன்னிரண்டு வருஷமாயிற்று. கல்யாணத்தையாவது கண்ணால் பார்க்கிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அம்மை ஊசி குத்திக் கை வீங்கி, மூன்று நாள் சீப்பு பிடிக்க முடியவில்லை போ! உன் அப்பாவுக்குத்தான் இதெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மருமகளுக்கு அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை, தறியிலிருந்து அறுத்தாயிற்று. விசாவுக்கு உன் ஜாமீன் கடிதம் ஒன்றுதான் பாக்கி. சீக்கிரம் அனுப்பு.

உன் அம்மா

பினாங்கு
3-3-1969

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜாமீன் கடிதம் இத்துடன் இருக்கிறது. அதில் உன்னைப் 'பெரியம்மா' என்று எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. சொந்தப் பிள்ளையென்றால்தான் உள்ளே விடுவார்கள் என்று, சித்தப்பா ராமலிங்கம் என்னைத் தன் பிள்ளையாக எழுதித்தானே கூட்டி வந்தார்? நீயும் அப்பாவும் சம்மதித்ததுதானே? காகிதத்தில் இன்றும் நான் ரா. தனசேகரன்.

விசா ஆபீசில் கேட்டால், 'கொழுந்தனார் மகன் கல்யாணம்' என்று சொல். 'பிள்ளைகள் எத்தனை?' என்பார்கள். இல்லை என்று சொல்லிவிடு. ஒரு வார்த்தை தப்பினால் என் வேலை, கல்யாணம் எல்லாம் போய்விடும் அம்மா.

உன் தனசேகரன்

பிள்ளையார்பாளையம்
28-3-1969

அப்பா தனசேகரா,

காரியம் கெட்டது. பட்டணத்துக்குப் போனேன். கொழுந்தனார் மகன் என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் நாக்கு வளைந்தது. அப்புறம் அந்த ஆபீசர், "உங்களுக்குப் புள்ளைங்க எத்தினிமா?" என்றார். குமரகோட்டத்தில் மண்சோறு தின்று பெற்ற பிள்ளையடா நீ! உயிரோடு இருக்கிறவனை இல்லை என்று எந்தத் தாய் வாயால் சொல்வாள்? சொன்னால் அது சாபமல்லவா?

"ஒரே புள்ளபா, பினாங்குலதான் இருக்குறான்" என்று சொல்லிவிட்டேன்.

பேர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. ஜாமீன் கடிதத்தில் ஒட்டியிருந்த உன் போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மூக்கு அப்டியே இருக்குதேமா" என்று சொல்லிக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டார். பாழாய்ப்போன வாய். என்னை மன்னித்துவிடு கண்ணு.

அம்மா

பினாங்கு
20-4-1969

பெரியம்மாவுக்கு,

தபாலில் போகிறதையெல்லாம் பிரிக்கிறார்கள் என்று பயம். அதனால் ஊருக்கு வரும் கூரத்து நமச்சிவாயத்தின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். அதிகாரிகள் சித்தப்பாவை இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். என் அடையாள அட்டை அவர்களிடம் இருக்கிறது. பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். எல்லாம் உங்கள் ஒரு வார்த்தையால்.

வக்கீல் எழுதிய தாள் இத்துடன் இருக்கிறது. 'எனக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. கணவர் போன துக்கத்தில் புத்தி தடுமாறிச் சொன்னேன்' என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, அதை மட்டும் தபாலிலேயே அனுப்புங்கள்; அவர்கள் பிரித்துப் படிக்கட்டும். இனிமேல் மகனே என்று எழுத வேண்டாம். விசாவுக்கும் அலைய வேண்டாம்.

ரா. தனசேகரன்

பிள்ளையார்பாளையம்
9-5-1969

கொழுந்தனார் மகன் சிரஞ்சீவி ரா. தனசேகரனுக்கு ஆசீர்வாதம்.

நீங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தாய். நல்ல வளர்ப்பு. உன் அப்பா ராமலிங்கத்துக்குச் சொல்.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. புடவையை நமச்சிவாயம் திரும்பி வரும்போது கொண்டு வருவார். தாய் கொடுக்கிற புடவையல்ல, பெரியம்மா வீட்டுச் சீர்.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகப் பூவம்மாள் என்று ஒருத்தி குடிவந்திருக்கிறாள். நேற்று தண்ணீர்க் குழாயடியில், "உனக்குப் புள்ளைங்க எத்தினிக்கா?" என்று கேட்டாள். "இல்லமா" என்றேன். முதல் தடவை மெதுவாகத்தான் சொன்னேன். பாவம், அவளுக்குச் சரியாகக் காது கேட்காது. இரண்டாம் தடவை சத்தமாகவே சொன்னேன்.

நான் போனால் கொள்ளி வைக்கப் பங்காளி வேணுகோபாலிடம் சொல்லி வைத்தாயிற்று. பிள்ளையில்லாதவளுக்கு அதுதானே வழக்கம். உனக்குத் தந்தி வராது. கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
கா. செல்லியம்மாள்