அந்தியோக்கியாவில் மலை அப்படியே இருக்கிறது

இஞ்சாருங்கோ,

கலியாணம் செய்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். செத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் உங்கள் அந்தியோக்கியாவுக்குப் போய் வந்தேன். மகள் அனிதாதான் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கேட்டதை உங்களிடம் சொல்லாமல் கனடாவில் இந்தச் செயின்ட்-மிஷேல் வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கனடாவுக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் உங்களை அந்த ஊரில் விட்டுவிட்டு ஓடினான். பாண் ரொட்டி சுடும் யூசுப் அண்ணை தன் போறணை அடுப்புக்கு மேலிருந்த அறையைத் தந்து பதினொரு மாதம் வைத்துப் பார்த்தார். கைக்குழந்தையோடு மன்னாரில் கிடந்த எனக்கு வந்த கடிதமெல்லாம் அந்த ஊர்ப் புளுகுதான். தெற்கே போகாமல் வடக்கே ஓடுகிற ஆறு, பேதுரு செபித்த குகை, ஹர்பியேயில் அருவி. இங்கே வந்த பிறகும் விட்டீர்களா? கோயிலில் வாசகத்தில் அந்தியோக்கியா என்று வந்தால் போதும், முழங்கையால் என் விலாவில் ஒரு இடி.

உங்கள் ஆறு நீங்கள் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை. வாய்க்காலை விடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ஆனால் ஓடுகிறது. மலையும் அப்படியே இருக்கிறது. குகைக் கோயிலின் பாறையில் ஈரம் இன்னும் கசிகிறது. விரலில் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

பாறையில் செதுக்கிய அந்த முக்காட்டுத் தலையையும் கீழே நின்று பார்த்தேன். கொள்ளைநோய் நிற்க வேண்டும் என்று அந்தக் காலத்து ஆட்கள் செதுக்கியதாம். அதை மாதா என்று நினைத்து ஒரு மாதம் முழங்காலில் நின்று செபமாலை சொன்ன ஆள் நீங்கள். யூசுப் அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராமே. எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. அப்படியே திரும்பிக் கீழே பார்த்தேன்.

ஊர் இல்லை.

போறணை இருந்த தெரு எது என்று காட்டக்கூட ஒரு சுவர் இல்லை. நிலநடுக்கத்தில் விழுந்தது போக மிச்சத்தையும் இடித்து, அள்ளி, வெறும் மண்ணாக விட்டிருக்கிறார்கள். அங்கங்கே புதுக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறார்கள். இரண்டாயிரம் வருடக் குகையை விட்டுவிட்டு, சனம் படுத்திருந்த வீடுகளை மட்டும் எடுத்த கடவுளிடம் நான் என்ன கேட்பது?

இனி நான் சொல்ல வேண்டியது. நீங்கள் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரியின் தொலைக்காட்சியில் அந்த நிலநடுக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து நீங்கள் மருந்தைக் கேட்கவில்லை, தண்ணீரைக் கேட்கவில்லை. "யூசுப் அண்ணையோடை கதைச்சனீரே?" இது ஒன்றுதான். ஒரு கிழமை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர்களுடைய இலக்கத்துக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் வெளியே போய்ச் சும்மா நின்றுவிட்டு உள்ளே வந்தேன்.

"ஓமப்பா, அவரின்ரை மகள் மரியம் எடுத்தவள். எல்லாரும் சுகமாம். ஹர்பியேயிலை சொந்தக்கார வீட்டிலை இருக்கினமாம்."

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? "நேர்த்தி வைச்சனான் இஞ்சாரும், ஆண்டவர் கேட்டுப்போட்டார்" என்றீர்கள். அன்றைக்கு அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தீர்கள். அதற்குப் பிறகு நான் அந்த இலக்கத்துக்கு அடிக்கவே இல்லை. ஒரு கிழமையில் நீங்களும் போய்விட்டீர்கள்.

மரியத்தை அனிதா பேஸ்புக்கில் தேடிப் பிடித்திருந்தாள். குகைக் கோயில் வாசலில் எங்களுக்காக மரியம் காத்து நின்றாள். இருவரும் இங்கிலீஷில் கதைக்க, அனிதா எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"என்ன பிள்ளை, சொல்லு."

"அம்மா... யூசுப் மாமாவை ரெண்டாம் நாள் உயிரோடைதான் எடுத்தவையாம். வேறை ஊர் ஆஸ்பத்திரியிலை மூண்டு கிழமை இருந்துதான் செத்தவராம். அவையின்ரை போன் எல்லாம் இடிபாட்டுக்கை போட்டுதாம். ஆர் ஆரிட்டையோ போன் வாங்கி, எங்கடை வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் அடிக்கச் சொன்னவராம். அப்பா பயந்துகொண்டு இருப்பார், சொல்லவேணும் எண்டு. எங்கடை நம்பர் அவருக்குப் பாடமாம்."

இஞ்சாருங்கோ, அந்த அழைப்புகளை நான் பார்த்தேன். அந்தப் பொய்க்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்புத் தோய்க்க வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வீட்டுப் போனில் நீள நீளமான இலக்கங்கள் கிடந்தன. ஏமாற்றுக்காரர் என்று நினைத்தேன். ஒரு நாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே அடித்தது. எடுத்து, உடனே வைத்துவிட்டேன். நீங்கள் ஒரு கட்டிலில், அவர் ஒரு கட்டிலில். நான் சொன்னது பொய்யே இல்லை, அவர் இருந்தார். பொய் சொல்லாதிருந்தால் தொடர்ந்து தேடியிருப்பேன். ஒரு "ஹலோ" கேட்டிருப்பீர்கள்.

நான் சொன்ன பொய்யையும் எடுக்காத அழைப்புகளையும் அனிதாவைக் கொண்டு மரியத்துக்குச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். கோபப்பட்டிருக்கலாம். இங்கே வந்து கோயிலில் பாதிரிச் சுவாமியிடம் சொன்னேன். அன்பினால் சொன்ன பொய், அதில் பாவமில்லை என்கிறார். அனிதாவும் அதைத்தான் சொல்கிறாள். "நீங்கள் அப்பாவிலை இருந்த அன்பிலைதானேம்மா சொன்னனீங்கள்." அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் ஓம் என்று தலையாட்டினேன்.

நீங்களும் யூசுப் அண்ணையும் இப்போது ஒரே இடத்தில் இருக்கிறீர்கள் என்கிறார்கள். எனக்கு அது முன்போல நம்ப வருகுதில்லை. இருந்தால் அவர் எல்லாம் சொல்லியிருப்பார். ஆனால் இதை அவராலும் சொல்ல முடியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அன்பினால் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. எட்டு நாளாக நித்திரை இல்லை. நீங்கள் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தீர்கள். உங்கள் வாயை அடைக்க வேண்டும் போல இருந்தது. அதனால்தான் சொன்னேன். நீங்கள் கஞ்சி குடித்தபோதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, அப்பாடா என்றிருந்தது.

வருகிற ஞாயிறு அனிதா சாப்பிட வருவாள். இதை அப்படியே அவளிடம் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் வராமல் விட்டாலும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மனுசி,
றோசலின்