நீலப் புத்தகம் போதும்

வில்பட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு பியானோ புத்தகங்களும் வந்து சேர்ந்தன. கொடைக்கானலில் நான் அறை பெருக்கும் விடுதியின் ஹாலில் பியானோ இருக்கிறது. விருந்தினர் இல்லாதபோது என்னை வாசிக்க விடுகிறார்கள்.

சிவப்புப் புத்தகத்தில் படங்கள் அழகு. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்று எண் போட்டிருக்கிறது. இடது கைக்கு நான்கும் ஐந்தும் வரும்போது நின்றுவிடுகிறேன். நீலப் புத்தகம் சுரத்தை மட்டும் சொல்கிறது, விரலைக் கேட்பதில்லை. எனக்கு அது போதும்.

"புத்தகம் அனுப்ப நேரமிருக்கு, ஊருக்கு வரத்தான் அவளுக்குச் சோலி தடுக்குதாக்கும்" என்கிறாள் அம்மா.

கேரட் கழுவும் மெஷினை அப்பா விற்றுவிட்டார். சுவிட்சைப் போட்டது யார் என்று வீட்டில் எவரும் பேசுவதில்லை. என் கை உள்ளே இருந்தது உனக்கு எப்படித் தெரிந்திருக்கும், அக்கா?

நீலப் புத்தகத்தின் கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. மேல் பகுதியை வலது கையால் பழகிவிட்டேன். கீழ்ப் பகுதிக்குத்தான் ஆள் இல்லை. வாசிக்கத் தெரியாது என்று சாக்குச் சொல்லாதே, நான் சொல்லித்தருகிறேன். பொங்கலுக்கு வா. நீ என் இடது பக்கம் உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி