புள்ளி நடுவில் நின்றது

நவம்பர் 14, வெள்ளி

எனக்குக் கண் மங்கியதால்தான் குறி பார்க்கும் கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரியும் பிஸ்டல் கேட்கிறேன் என்று துப்பாக்கி சுடும் கிளப்பில் பேசுகிறார்கள். தவறு. புள்ளி நமக்காகக் குறி பார்க்காது. கை நடுங்கினால் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இன்று பயிற்சியாளர் சுரேஷ் இரண்டு பிஸ்டல்களை எடுத்துவைத்து, இலேசானதை நீட்டினார். "ஆன்ட்டி, உங்க வயசுக்கு இதுதான் ஈஸி."

என் கைப்பிடிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, குண்டு போடாமல், கண்ணை மூடிக்கொண்டு அதை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்தேன். மேலிருந்த சின்னக் கண்ணாடியில் புள்ளியே இல்லை. கனமான மற்றதையும் அப்படியே உயர்த்தினேன். புள்ளி நடுவில் நின்றது! பிறகு சுட்ட பத்தும் கறுப்பு வட்டத்துக்குள்.

"கையா இது, இரும்பு, ஆன்ட்டி!" என்றார் சுரேஷ்.

மூத்தோர் போட்டியில் இதற்கு அனுமதி உண்டா என்று தெரியாமல் வாங்க மாட்டேன். கிளப் செயலாளரோ, "நோடோணா மேடம், பாக்கலாம்" என்று கன்னடத்திலும் தமிழிலுமாக நழுவுகிறார். நாளை அவரிடம் கொடுக்க எழுதி வைத்துவிட்டேன்:

"ஐயா, மூத்தோர் போட்டியில் சிவப்புப் புள்ளி பிஸ்டலுக்கு அனுமதி உண்டா, இல்லையா? விதி எண்ணுடன் எழுத்தில் பதில் தரவும்."