கி.மு. நான்கில் பிறந்தவர்

14 நவம்பர் 1999, ஞாயிறு
பூசை முடிய எமில்டா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாக் குழுவின் தலைவி. போன வருடம் தன் மருமகனை மேடையேற்றிச் சனத்தைத் தூங்கவைத்த மகராசி.

"இக்னேசியஸ், ரெண்டாயிரமாம் ஆண்டு வருகுது. நீர் சரித்திரம் வாசிக்கிற ஆள். 'இயேசு பிறந்த ஆண்டில் உலகம்' எண்டு பத்து நிமிசம் பேசும்."

இவ்வளவு காலமும் தெரியாத சங்கதி, பேச வேறு ஆள் கிடைக்காதபடியால் இப்போது தெரிந்திருக்கிறது!

17 நவம்பர்
நூலகத்துக்குப் போனேன். யூதரின் அரசன் ஏரோது செத்தது கி.மு. நான்கில். அவன் உயிரோடு இருக்கும்போதுதான் இயேசு பிறந்தார். ஆக அந்த ஆண்டு, அல்லது அதற்கும் முந்தி. ஆண்டுக் கணக்குப் போட்ட துறவி பிழை விட்டிருக்கிறார். இரண்டாயிரம் வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் ஆட்களோ மிலேனியத்துக்கு மண்டபம் பிடிக்கிறார்கள். உலகம் அழியப்போகுதென்று ரூஜ் புறநகரில் எமில்டா அக்கா வீட்டு பேஸ்மென்ற் நிறைய அரிசி மூட்டையாம். உலகம் அழிந்தபிறகு யாருக்குச் சமைப்பார்?

21 நவம்பர்
என்ன ஆண்டு அது! ஆலய வாசலில் ஏரோது வைத்த பொற்கழுகை உடைத்த இளைஞர்களை உயிரோடு எரித்தான். அன்றிரவு சந்திர கிரகணம். பிறகு அவனும் செத்தான், சனம் கிளர்ந்தெழுந்தது. சிரியாவிலிருந்து ரோம ஆளுநர் படையோடு வந்தான். நாசரேத்துக்குப் பக்கத்து நகரத்தை எரித்து, சனத்தை அடிமைகளாக விற்று, இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தான். ரோமில் பேரரசர் அகுஸ்து சுகமாக இருந்தார்.

என் மனைவி வேரோனிக்கா மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள். தொண்ணூறில் மன்னாரில் பிடித்துக்கொண்டு போன அவள் தம்பி இன்னும் திரும்பவில்லை.

"அந்தச் சனத்தின்ர பேர் தெரியுமோ?"

"ஆர் எழுதி வைச்சது?"

"அப்ப கட்டாயம் சொல்லுங்கோ. என்ர தம்பியின்ர பேரையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

சொல்கிறேன் என்றேன்.

5 டிசம்பர்
குழுக் கூட்டம். என் பேச்சைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"கிறிஸ்து பிறக்க முந்திக் கிறிஸ்து பிறந்தவரோ? விசர்க்கதை!" என்றார் எமில்டா அக்கா. "சின்னப்பிள்ளையள் வருவினம். கொலைக்கதை வேண்டாம். நட்சத்திரம், ஒட்டகம், மூண்டு அரசர், அவ்வளவும் காணும்."

அவர் எப்போதாவது ஒட்டகத்தைப் பார்த்திருப்பாரா? வேரோனிக்காவின் தம்பி விசயம் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இவர்களிடம் என்ன உத்தரவு? மேடையில் ஏறினால் மைக் என் கையில்.

12 டிசம்பர்
பேச்சு மனப்பாடம். வேரோனிக்கா முன்வரிசையில் இருக்கப் போகிறாளாம்.

18 டிசம்பர், சனி
பேசுவதற்கு முன்னமே பொன்னாடை போர்த்தினார்கள். "எங்கள் சரித்திர அறிஞர்" என்றார் எமில்டா அக்கா. மண்டபம் நிறைந்த சனம் கைதட்டியது. எனக்கு யார் இதுவரை கைதட்டினார்கள்?

நட்சத்திரம் சொன்னேன். ஒட்டகம் சொன்னேன். மூன்று அரசரும் வந்து போனார்கள்.

எடேய் இக்னேசியஸ், உனக்கு வெக்கமில்லையோ? ஒரு சரிகைத் துணிக்கு வித்துப்போட்டியேடா! மற்றவையை நொட்டை சொல்லுற வாய் எங்கை போனது? அவள் உன்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தவளடா —

காரில் வேரோனிக்கா கைப்பைக்குள் பேனா தேடினாள்.

19 டிசம்பர், ஞாயிறு
பூசையில் மன்றாட்டு நேரம் எமில்டா அக்கா ஒரு தாளோடு மைக்குக்குப் போனார்.

"தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் பிடித்துச் செல்லப்பட்டு, இன்றுவரை வீடு திரும்பாத மரியநேசனுக்காகவும், பெயர் தெரியாமல் போன எல்லோருக்காகவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் முழுவதும் சேர்ந்து பதில் சொன்னது. அவர் குரல் ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

வெளியே வந்து என் தோளைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இதை எனக்கு முந்தியே சொல்லியிருக்கலாமே, இக்னேசியஸ். நல்லாய் எழுதித் தந்திருக்கிறீர்."

"அவர் எழுதேல்லை அக்கா," என்றாள் வேரோனிக்கா. "நான்தான் எழுதினன்."