ஒயினைத் தொடாத பத்து நாள்

நவம்பர் 12, செவ்வாய்

ஏழு தலை வெட்டினேன், இரண்டு தலைக்குச் சாயம் போட்டேன். கீழ்த்தாடையின் கோடியில் அறிவுப் பல் முறுமுறுக்கிறது. முப்பத்தெட்டு வயதில் அறிவு முளைக்கிறதாம். வரட்டும், இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்ட் 9: 'இந்த வருடம் புது ஒயின் நாளுக்குள் ரெஜிஸிடம் கேட்டே தீருவேன்.' அறுவடையின் முதல் பீப்பாயை ஊரே கூடித் திறக்கிற அந்த நாள், வருகிற 21ஆம் தேதி. இன்னும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். எழுதிவிட்டேன், போதுமா? எழுதுவதற்கு வாய் வேண்டியதில்லை. சொல்வதற்குத்தான் வேண்டும்.

இரண்டு வருடம் முன்னால், ரெஜிஸும் நானும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய புதிதில், யார் வீட்டு விருந்திலோ மூன்று வாண்டுகள் மேஜைவிரிப்பை இழுத்து அத்தனை தட்டையும் கவிழ்த்தபோது, "நல்லவேளை, நமக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை"ன்னு சிரித்தான். அன்றைக்கு மூடிய வாய் என்னுடையது.

நவம்பர் 14, வியாழன்

ஐயோ அம்மா.

கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. சலூனைப் பூட்டி, கழுத்துச் சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடினேன். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன், "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்டார். பெண்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "இல்லை"ன்னு நான் சொன்ன வேகத்தைப் பார்த்து அவரே நிமிர்ந்து பார்த்தார்.

ஈறுக்கடியில் சீழ். கீறி எடுத்தார். அதைப் பற்றி எழுத மாட்டேன். பிறகு மாத்திரை எழுதினார்.

"ஒரே மாத்திரைல ரெண்டு மருந்தும்மா. ஒண்ணு மேலாக இருக்கிற கிருமியைப் பாத்துக்கும். இன்னொண்ணு, காத்தே போகாத சந்துல ஒளிஞ்சிருக்குதே, அதைத் தேடிப்போய் அடிக்கும். தனித்தனியா விட்டா ரெண்டுமே அரைகுறை. சேத்து விட்டா ஒருத்தனும் தப்ப மாட்டான். வீக்கம் வத்திப் போச்சுன்னு பாதியில நிறுத்தினே, நானே வந்து உதைப்பேன்."

ஏழு நாள், ஒரு நாளைக்கு மூன்று, சாப்பாட்டோடு. அப்புறம் பல்லைப் பிடுங்குவது.

மருந்துக்கடைக்கார வியால் அம்மா மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுக்காமலே பிடித்துக்கொண்டார். "இதோட ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. மாத்திரை முடிஞ்சு மூணு நாளைக்கும் கூடாது."

"நான் எங்கே குடிக்கிறேன்?"

"ஒயினும் சேத்துதான் சொல்றேன்."

"ஒயினுமா!"

சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பொஜொலே திராட்சைச் சீமையில் குடி என்றால் அது வேறு. ஒயின் சாப்பாட்டில் சேர்த்தி. "வாயில வெச்சுத் துப்பிட்டா?" என்று கேட்டேன். "குப்புனு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுப்பே. வேணுமா?" என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றினார், துக்க வீட்டில் கழற்றுவதுபோல.

பத்து நாள்! அதற்கு நடுவில் புது ஒயின்!

நவம்பர் 15, வெள்ளி

சலூன் மூடல். மாத்திரை புண்ணியத்தில் வாயில் சாவிக்கொத்தைச் சப்பின மாதிரி ஒரு ருசி. காபி சாவி. ரொட்டி சாவி. ரெஜிஸ் முத்தம் கொடுத்தான், அதுவும் சாவி.

நவம்பர் 16, சனி

வீக்கம் முக்கால்வாசி போய்விட்டது. மாத்திரையே, நீ வாழ்க. சலூனைத் திறந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ரெஜிஸின் அப்பா அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. ஜோசியான் அத்தை (கல்யாணம் ஆகாமலே எனக்கு வாய்த்த மாமியார்) சேவலை ஒயினில் வேக வைத்திருந்தார். வாசனை வந்ததுமே நெஞ்சைப் பிரட்டியது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட புத்திசாலித்தனம். லூசியன் மாமா என் கிளாஸில் சாய்க்க வந்தார். கையால் மூடினேன்.

இந்த வீட்டில் யாரும் கிளாஸை மூடியதில்லை. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

"எனக்கு வேணாம் மாமா. ஆன்டிபயாடிக் சாப்பிடறேன்."

"ஆ... ஆன்டிபயாடிக்கா!" என்று இழுத்தார் மாமா. அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தார். அத்தை திருப்பிக் கண்ணடித்தார்.

"பல்லு, அத்தை. அறிவுப் பல்லு."

"ஆமாமா, பல்லுதான். நாங்க ஒண்ணுமே கேக்கலையே! முகம்கூட லேசா பூசினாப்ல இருக்கு. அழகா இருக்கே." சேவலை எடுத்துப் போய்விட்டு எனக்கு மட்டும் முட்டை அவித்துக் கொண்டுவந்தார். நல்ல மனசு. இரண்டு வருடத்தில் அத்தை என்னை அழகு என்று சொன்னதே இல்லை. பல்வலிக்கு இவ்வளவு மரியாதையா?

நவம்பர் 19, செவ்வாய்

ஊருக்கு என்ன பிடித்துவிட்டது? முடி வெட்டிக்கொள்ள வந்த அம்மா நாற்காலியை என்னிடம் தள்ளி, "நின்னுக்கிட்டே வேலை பாக்காதடி, கால் வீங்கிடும்" என்கிறார். இன்னொருத்தி சாய வாடையே எனக்கு ஆகாதென்று ஜன்னலைத் திறந்து வைத்தாள். குளிரில் எனக்குத் தாடை தந்தி அடித்தது.

ரெஜிஸ் அதற்கு மேல். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் பையைத் தூக்க விடுவதில்லை, விறகைத் தொட விடுவதில்லை. நேற்று அவன் சிகரெட் பாக்கெட்டைக் குப்பையில் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது! இப்படித் திடீரென்று ஒருத்தன் நல்லவனாக நடந்துகொண்டால் என்ன அர்த்தம்? விட்டுவிட்டுப் போகப் போகிறானா? போகிறவர்கள்தான் கடைசியில் அன்பாக இருப்பார்கள். — சீ, என்ன புத்தி. மாத்திரை தலைக்கேறிவிட்டது.

நவம்பர் 20, புதன்

கடவுளே கடவுளே கடவுளே.

ரொட்டிக்கடை கொலெத் நான் கேட்ட ஒரு பிரியோஷ் பன்னோடு இன்னொன்றையும் பையில் போட்டாள். "ஒண்ணு போதும்" என்றேன். "ரெண்டு பேருக்குச் சாப்பிட வேணாமாடி?" என்றாள்.

"ரெஜிஸ் காலையில சாப்பிட மாட்டான்."

"ரெஜிஸை யாருடி சொன்னா!" என் வயிற்றைப் பார்த்தாள்.

அப்போதுதான் உறைத்தது. கிளாஸ். முட்டை. நாற்காலி. பூசினாப்ல! வெளியே வந்து சர்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இந்த ஊரில் ஒரு பெண் ஒயின் வேண்டாமென்று சொன்னால் முழுகாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். 'ஆன்டிபயாடிக்' என்று சொன்னால் முழுகாமல் இருப்பதை மறைக்கிறாள் என்று அர்த்தம்! கொலெத்தே போன பிரசவத்தில் மூன்று மாதம் 'ஆன்டிபயாடிக்' சாப்பிட்டவள்தானே. நானும்தானே அப்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன்!

சிரிப்பு பாதியில் நின்றது. அப்படியானால் ரெஜிஸுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தான்? பெட்டி கட்டவில்லை. கத்தவில்லை. சிகரெட்டைக் குப்பையில் போட்டான்.

சிகரெட்டைக் குப்பையில் போட்டான்!

பிரியோஷ் இரண்டையும் நானே தின்றேன். சாவி ருசியோடு. இத்தனை சந்தோஷமாக எதையுமே தின்றதில்லை.

ஆனால் பொய்யாச்சே. நான் சொல்லாத பொய். நாளைக்கு உடைக்கணும். உடைத்ததும் அவன், அப்பாடா என்று பெருமூச்சு விட்டால்? அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பேன்?

நவம்பர் 21, வியாழன். புது ஒயின்

மதியம் அத்தை வீட்டு ஒயின் நிலவறையில் நாற்பது பேர். மாமா பீப்பாயைத் திறந்தார். மாத்திரையில் கடைசி ஒன்று என் பையில். ரெஜிஸைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாமென்று கூட்டத்தில் இடித்துக்கொண்டு போகிறேன், மாமா பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

"இந்த வருஷம் திராட்சை சுமார்தான். ஆனா எங்க வீட்டு விளைச்சல் பிரமாதம்!" என்றார். அத்தை கைப்பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்தார். பச்சைக் கம்பளி. ஆரஞ்சுப் பழத்துக்குத்தான் போடலாம், அவ்வளவு சின்னது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இல்லை! பல்லு! நிஜமாவே பல்லு!" என்று கத்தினேன். மாத்திரை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "இருபத்தியொரு மாத்திரை! ஒண்ணு பாக்கி! வியால் அம்மா, சொல்லுங்களேன்!"

வியால் அம்மா கிளாஸைக் கீழே வைத்து, "பல்லுதான். நான்தான் கொடுத்தேன்" என்றார்.

நான் யாரையும் பார்க்கவில்லை. ரெஜிஸை மட்டும் பார்த்தேன். பெருமூச்சு விடவில்லை. அவன் முகம் அப்படியே விழுந்துபோயிற்று. திருவிழா முடிந்துவிட்டது என்று சொன்னதும் குழந்தை முகம் விழுமே, அப்படி. நாற்பது பேர் நடுவில் எனக்கு அவமானமாக இருந்திருக்கணும். எனக்கோ பெஞ்சில் ஏறி ஆடலாம்போல இருந்தது.

முற்றத்துக்கு இழுத்துப் போனேன்.

"ஏன்டா என்கிட்ட கேக்கலை?"

"கன்னம் வீங்கினதைப் பாத்தேன்தான், ஆனா மாத்திரை வெறும் சாக்குன்னு அம்மா அடிச்சுச் சொன்னாங்க. நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லலையா... உனக்குப் பிடிக்கலையோன்னு பயந்துட்டேன்."

"தொல்லைன்னு சொன்னியே!"

"எப்போ?"

ஞாபகமே இல்லையாம்! நான் இரண்டு வருடம் சுமந்த வாக்கியம் அவனுக்கு ஞாபகமே இல்லை. கொன்னுடலாம்போல இருந்தது.

"சின்ன ரூமுக்கு மஞ்சள் பெயின்ட் வாங்கிட்டேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு டப்பா."

"திருப்பிக் குடுத்துடு."

"நம்ம கலருக்குன்னு கலந்தது, சொல். கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டாங்க."

என்னை அவன் மட்டும்தான் சொல் என்று கூப்பிடுவான். மற்றவர்களுக்கெல்லாம் நான் சொலேன்.

"அப்போ அடிச்சிட வேண்டியதுதான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆகஸ்டிலிருந்து சொல்ல முடியாதது இரண்டு டப்பா பெயின்டில் முடிந்தது. அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். வலது கன்னத்தில் இடித்தான். உயிர் போயிற்று, போகட்டும்.

கடைசி மாத்திரையை அங்கேயே பச்சைத் தண்ணீரில் விழுங்கினேன். பாதியில் நிறுத்தக் கூடாதாமே.

நவம்பர் 25, திங்கள்

மூன்று நாள் கெடு நேற்றோடு முடிந்தது. ஒரு கிளாஸ் ஒயின். அப்பா! சாவி போய்விட்டது, திராட்சை வந்துவிட்டது. இரண்டாவது கிளாஸ் முடியும் முன்பே பெயின்ட் டப்பாவைத் திறந்தோம்.

நவம்பர் 28, வியாழன்

அறிவைப் பிடுங்கிவிட்டார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

அன்றைக்கு என் கையிலேயே தங்கிவிட்ட பச்சைத் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அத்தை வாங்கவில்லை. "நாங்கதான் மூளையில்லாம குதிச்சுட்டோம், மன்னிச்சுக்கோ. கம்பளி ஒண்ணும் கெட்டுப் போகாது, வெச்சுக்கோ" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒன்பது தலை. மஞ்சள் இரண்டாம் பூச்சு ஏறியும் பழைய பூப்போட்ட சுவர் தெரிகிறது. ரெஜிஸுக்கு வர்ணம் அடிக்கத் தெரியாது.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

அத்தை வீட்டில் ஆட்டுத்தொடை. மாமா என் கிளாஸில் சாய்க்க வந்தார். கையால் மூடினேன்.

"மறுபடியுமா?"

"ஆன்டிபயாடிக், மாமா."

"அந்தப் பல்லைத்தான் பிடுங்கியாச்சே?"

"இது இடது பக்கம்."

என் இடது பக்கத்துப் பற்கள் கல் மாதிரி இருக்கின்றன. மேஜைக்கடியில் ரெஜிஸ் என் காலை மிதித்துக்கொண்டு ஆட்டுத்தொடையையே உற்றுப் பார்த்தான். காது இரண்டும் சிவந்திருந்தது. மூன்று மாதம் நிறைந்து ஜூன் பிறக்கும்வரை ஒருத்தரிடமும் மூச்சு விடுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். நானாவது பரவாயில்லை, இவன் காட்டிக் கொடுத்துவிடுவான் போலிருந்தது.

"இந்தப் பொண்ணு வாயில கடவுள் எத்தனை அறிவுப் பல்லுதான் வெச்சிருக்காரோ!" என்று அத்தை உச்சுக்கொட்டினார். என் தட்டில் மெத்தென்ற துண்டாகப் பார்த்துப் போட்டார். "மெதுவா மெல்லு. மாத்திரையைப் பாதியில விட்டுடாதே." மாமா எனக்குத் தண்ணீர் ஊற்றினார்.

யாரும் கண்ணடிக்கவில்லை.