விரிய மறுக்கும் பூ

கமீஸ்பெர்க் மலை
ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த ஆகஸ்ட் குளிருக்கு உங்க முட்டிவலி எப்படி இருக்கு? என் லீனா அடம்பிடிக்காம சாப்பிடுறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு காட்டு டெய்சி, புது வகை போலிருக்கு. மத்ததுக்கு நடுவிலே வெறும் கறுப்பு வளையம்தான். இதுக்கு வளையத்துக்குள்ளே வெள்ளைப் புள்ளிகளாம். விரிஞ்ச பூவைக் கண்ணால பார்த்து எழுதாம மலையை விட்டு இறங்கக்கூடாதுன்னு எங்க தாவர ஆராய்ச்சி டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வெயில் அடிச்சாத்தானே அது விரியும்? பதினோரு நாளா மழை விடலை. குடிசைக்குள்ளேயே கிடக்கிறோம்.

நேற்று ஒரு மொட்டைக் கிள்ளி வந்து, அடுப்புப் பக்கத்தில் வச்சு ஏமாத்தப் பார்த்தேன். வதங்கிப்போச்சு. "வெந்த பூவுக்கும் பேர் வைப்போமா, மக்ரீட்டா?"ன்னு டிரைவர் ஃபுளோர்ஸ் இன்னும் சிரிக்கிறார்.

ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்க. கூடவே லீனா போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு. துவைக்க வேண்டாம்.

நம்ம ஊர்ல ஆடுகள் தண்ணியில்லாம சாகுதுன்னும், சபையில் மழைக்கு ஜெபிக்கிறீங்கன்னும் எழுதியிருந்தீங்க. நிறுத்தச் சொல்லலை அம்மா. இங்கே பெய்யறதையும் அங்கேயே அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க.

தபால் வண்டி வந்துடுச்சு.

உங்க மகள்,
மக்ரீட்டா