எண்ணெய்க் கறை மேல புதுப் பூச்சு

அடியே,

பின்முற்றத்து சிமெண்ட் தரைக்குப் புதுப் பூச்சு போட்டாச்சு. "அப்படியே இருக்காதீங்க மாப்ள, வீட்ல எதையாவது மாத்துங்க"ன்னு உங்கம்மா அழுதாங்க. நீ கண்ண மூடினதுலேருந்து எனக்கும் ஒரு இடத்துல உட்கார முடியல.

பழைய தரையை நானே கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சேன். உன் தையல் மெஷின் எண்ணெய் சொட்டின மூலையை மட்டும் தொடல.

கொத்தனார் சிரிச்சார். "நீங்கல்லாம் என்ன இன்ஜினியர் சார்? எண்ணெய் மேல பூசினா ஒட்டுமா? உரிஞ்சு வந்துடும்."

"தெரியும். பூசுங்க."

ஒரு மாதிரி பாத்துட்டுப் பூசினார்.

தினமும் எழுந்ததும் போய் அந்த மூலையைத் தட்டிப் பாக்கிறேன். நேத்து வரைக்கும் கெட்டியாத்தான் கேட்டுச்சு. இன்னிக்கு உள்ள காலியா இருக்கிற மாதிரி ஒரு சத்தம். பூச்சு பிடி விட ஆரம்பிச்சிடுச்சு, சீக்கிரம் உன் கறை வெளிய வந்துடும்.

அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
உன் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுக்கிறவன்